திருப்பி வைத்த படம்

என் கணவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் தீட்டினார். வரைவது என்பது அவருடைய உத்தியோகம். நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வரைவாளராக இருந்தார். தாமிரபரணியிலிருந்து பிரிந்து போகிற கால்வாய்களையும் மதகுகளையும் மடைகளையும் கறுப்பு மையால் கோடு கோடாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கோடு அரை நூல் விலகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற மனுஷர்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் போதுமான அளவு பேசி முடித்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வண்ணார்பேட்டையின் பஸ் இரைச்சலில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்குச் சற்று வெளியே சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிப் போனோம். பால் காய்ப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஏழு சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்னறையில் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய சுவர். திருச்செந்தூர் முருகன் படத்தைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு அங்கே மாட்ட வேண்டும் என்று அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்தே எனக்கு எண்ணம். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தச் சுவர மட்டும் எனக்கு விட்டுரு" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அதனால் சரி என்றேன். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அதற்கு முந்தின வருஷம் அலுவலகப் பயிற்சிக்காக மெட்ராசுக்கு மூன்று வாரம் போயிருந்தார். அங்கே ஏதோ ஒரு கண்காட்சியில், உருவம் என்று ஒன்றுமே இல்லாமல் நிறங்கள் மட்டும் இருந்த ஒரு படத்தின் முன்னால் நின்றிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு தவறிப்போகும் வரை நின்றதாகச் சொன்னார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சேலையும், தனக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறைய அக்ரிலிக் டியூப்களும் வாங்கி வந்தார். எங்கள் ஊர்க் கடைகளில் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாட்டர் கலரும் துணியில் பூப்போடும் சாயமும்தான் கிடைக்கும்.

ஜவுளிக்கடை வைத்திருந்த என் அண்ணனிடம் போய்த் தடித்த காடாத் துணி வாங்கி வந்தார். ஆசாரியிடம் சொல்லி ஆறடிக்கு நாலடி தேக்குச் சட்டம் அடித்து, துணியை இழுத்து ஆணி அறைந்து, மூன்று தடவை வெள்ளை பூசிக் காயவைத்தார். அது சித்திரை மாதம். திருநெல்வேலி வெயிலில் அந்தப் பெயிண்ட் தட்டில் பிதுக்கியதுமே ஆடை கட்டிவிடும். ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டு, சூரியன் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்வார். பிரஷ் கொஞ்ச நேரந்தான். பிறகு உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலால் பெயிண்டை இழுப்பார், சில சமயம் உள்ளங்கையால் தேய்ப்பார். நான் காப்பியைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்பது மாதிரி திரும்பி வந்துவிடுவேன். உண்மையில் அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை.

படத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டி முடித்தார். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படி வரை பின்னால் நடந்து வந்து நின்றார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நேராத்தான் இருக்கு" என்றேன்.

நான் ஆணியைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. சுத்தியலை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் திகைப்பார்கள். குற்றாலமா, சூரியன் உதிக்கிறதா என்று கேட்பார்கள். "பைய பாருங்க" என்பார் அவர், அவ்வளவுதான். என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என் துணிய இப்படிப் பாழாக்கிட்டீரே மாப்ள" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "அவுக ஆபீஸ்ல குடுத்தாங்க, தூரப் போட மனசில்லாம மாட்டி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பும் சத்தம் அத்தோடு நின்றுபோனது. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

இரண்டு மாதம் கழித்து, மறுபடி ஒருமுறை கேட்டார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவர், "எல்லாரும் என்னமாவது சொல்லுதாங்க. நீ மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கியே" என்றார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. "விடை இல்லாத கணக்க நான் பிள்ளைகளுக்குக் குடுக்குதது இல்ல. அதப் பத்தி என்னத்தச் சொல்ல?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் நான் சிவப்பு மையால் போடும் மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார், பிறகு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. மிச்சமிருந்த டியூப்கள் பரண்மேல் இருந்தபடியே இறுகிக் கல்லாகிவிட்டன. இரண்டாவது படம் ஒன்றை அவர் மனதில் வைத்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

என் சாமிப் படங்கள் அடுக்களை ஓரத்து அலமாரிக்குப் போயிருந்தன. ஆனாலும் அந்தியில் விளக்கு வாசலைப் பார்த்து எரிய வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் விளக்கை ஏற்றி எடுத்து வந்து, அந்தப் பெரிய சுவருக்குக் கீழே ஒரு முக்காலியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் போவேன். நான்கு வருஷம் தினமும் அந்தப் படத்துக்கு இரண்டடி தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில், வரைபலகையின் முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் வந்து நின்றதும் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டேன், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் மதியம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஆற்றங்கரைக்குப் போன பிறகு என்னைக் குளிக்கவைத்து முன்னறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். என் வளையலையும் பூவையும் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி இந்தத் தாளை வீணாக்க மாட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். எதிர்ச்சுவரில் படம் இல்லை. அந்த இடத்தில் அழுக்கேறிய காடாத் துணியும் மரச்சட்டமும் துருப்பிடித்த ஆணிகளும் இருந்தன. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில் சாமிப் படங்களைத் திருப்பி வைப்பது வழக்கம். அந்த வேலையை எடுத்துச் செய்தது எதிர்வீட்டு அக்கா. அடுக்களை அலமாரியில் இருந்த முருகனையும் மீனாட்சியையும் திருப்பி வைத்த கையோடு, என் மைத்துனர் மகனைக் கூப்பிட்டு இதையும் இறக்கித் திருப்பியிருக்கிறாள். "அது சாமி படம் இல்லியேக்கா" என்றேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ டீச்சர், பூசைக்கு வைக்குத சக்கரம் எழுதுன படம்னுல்லா நெனச்சேன். தினமும் அந்திக்கு நீங்க அதுக்கு முன்னால வெளக்கு வச்சுக் கும்பிடுதத எங்க வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். நல்ல ஐசுவரியமான சக்கரம் போல, அதான் கலர் கலரா எழுதியிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பவே திருப்பிருதேன்."

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன், அவரைக் கூப்பிட்டுச் சொல்லியும் இருப்பேன். அவருடைய அக்கா, என் நாத்தனார், குறுக்கே பேசினாள். "திருப்புனத இடையில திருப்பக் கூடாது. பதினாறு கழியட்டும். அங்கனயே இருக்கட்டும்." எனக்கு அப்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பகல் பொழுது. துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் போய்விட்டார்கள், அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை. எதிரே அந்த அழுக்குத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மறுபக்கம் அவர் இருக்கிறார் என்று தோன்றியது. சரி, திருப்ப வேண்டாம், மனதுக்குள் பார்த்துக்கொள்வோம் என்று கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை.

நீலம் உண்டு என்று தெரியும். எங்கே? மேலேயா கீழேயா? சிவப்பு இருந்ததா? வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகளின் வரிசை எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய தேற்றத்தைக் கரும்பலகையின் எந்த மூலையில் எழுதினேன் என்று சொல்வேன். எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்து, ஆறுக்கு நாலு என்று அளவாக ஒரு கட்டம் போட்டேன். உள்ளே எதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டம் காலியாகவே கிடந்தது. அவர் இறந்ததற்கு அதுவரை நான் ஊர் பார்க்க அழுதிருந்தேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் முதன்முதலாகப் பயந்து அழுதேன்.

அதன் பிறகு வந்தவர்களிடம் மெதுவாகக் கேட்கத் தொடங்கினேன். என் கேள்விக்கு முதலில் அகப்பட்டது அண்ணன்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தப் படத்துல என்னென்ன கலர் இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அவர் திருப்பி வைத்த துணியை நிமிர்ந்து பார்த்தார். கடையில் துணி விரித்துக் காட்டுகிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"மேல இடது பக்கம் மயில்கழுத்து. அத அங்கன நிறுத்தாம கொஞ்சம் கொஞ்சமா வெளுக்க விட்டிருப்பாரு. நடுவுல அரக்கு, ஒரு பாளம். அதுக்கு ஓரமா மாம்பழ மஞ்சள் ஒரு கை அகலத்துக்கு வரும். அரக்கும் மாம்பழமும் எவன் சேத்தாலும் பட்டிக்காட்டுச் சேலை மாதிரி ஆயிரும். இவரு எப்படியோ சேத்துட்டாரு." என் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவ வந்திருக்கேன் ஒங்க வீட்டுக்கு? ஒவ்வொரு தடவையும் அதுக்கு நேராத்தான் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருவேன். நீ கவனிக்கலியா? அவருகிட்டச் சொல்லல. அன்னைக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சிட்டுப் பொறவு போய் எப்படிச் சொல்ல?" மேல்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான் கவனிக்கவில்லை. அண்ணன் எங்கே உட்காருவார் என்பதைக்கூட.

அவரோடு வேலை பார்த்த ஒரு பையன், பையன் என்றால் முப்பது வயதுக்காரர், படத்தில் இருந்த கறுப்புக் கோடு ஒன்றைப் பற்றிச் சொன்னார். "குறுக்க ஒரு கோடு போகும்லா மைனி? ஸ்கேல் இல்லாம வெறுங்கையால போட்டது. போட்ட மறுநாள் ஆபீசுக்கு வந்து, 'ஏலே, இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு கோணக் கோடு போட்டேன், கிழிக்கல' அப்படின்னாரு அண்ணாச்சி. அன்னைக்கு எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தாரு." எனக்கு அந்த வடைக்கதை தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்ல வாயெடுத்தாரோ என்னவோ.

பால்காரரிடம் நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார். "வெள்ளன நீங்க கதவத் தெறந்ததும் அந்த மஞ்சளுதான் டீச்சரம்மா மொதல்ல கண்ணுல படும். அது இல்லாம வீடு மூளியாக் கெடக்கு." வாசற்படியைத் தாண்டி உள்ளே வராத மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒவ்வொருவர் சொன்னதையும் அந்தக் கட்டத்துக்குள் எழுதி வைத்தேன். பாதிக்கு மேல் நிரம்பியது. அது எல்லாம் மற்றவர்கள் பார்த்தது. நான் பார்த்தது என்று எழுத ஒரு சொல் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் சொன்ன விதிக்குக் கட்டுப்பட்டு நான் பேசாமல் இருக்கவில்லை. எட்டாம் நாளே எழுந்துபோய் நானே திருப்பியிருக்கலாம், என்னைத் தடுக்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. திருப்பினால் அது எனக்குத் தெரியாத படமாக இருக்கும். அந்தப் பயத்தில்தான் பதினாறு வரட்டும் என்று விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எதிர்வீட்டு அக்கா ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாக வந்து அடுக்களை அலமாரிப் படங்களைத் துடைத்துத் திருப்பிப் பொட்டு வைத்தாள். பிறகு முன்னறைக்கு வந்து தயங்கி நின்றாள். "இதையும் திருப்பட்டுமா டீச்சர்? பொட்டு வேண்டாம், தொடச்சு மட்டும் வைக்கட்டுமா?"

"நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்றேன். அவள் என் கையில் ஈரத்துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போக மூன்று மணி ஆகிவிட்டது. நாத்தனார் பின்னறையில் படுத்துவிட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை இறக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சுவரில் சாய்த்துத் திருப்பி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேதான் திருப்பினேன். பின்னால் நடந்துபோய் வாசற்படியில் நின்றுகொண்டு திறந்தேன்.

மயில்கழுத்து இருந்தது, அண்ணன் சொன்ன மாதிரியே வெளுத்துக்கொண்டு போனது. அரக்கு இருந்தது. கறுப்புக் கோடு நடுவில் ஓரிடத்தில் லேசாக நடுங்கி, பிறகு துணிந்துகொண்டு மேலே போனது. மஞ்சள் பால்காரர் சொன்னதைவிடப் பிரகாசமாக இருந்தது. கால்வாயா, ஆறா, வயலா என்று கொஞ்ச நேரம் தேடினேன், பழக்கதோஷம். அப்படி எதுவும் இல்லை. நிறங்கள்தான். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு மனுஷர் யோசித்த யோசனைதான் முழுக்க முழுக்க. நான் அடுப்பில் கொதிக்காத எதையோ பார்க்கப் போன காலைகளில் யோசித்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. தெருவெயில் உள்ளே நகர்ந்து வந்து சட்டத்தின் விளிம்பைத் தொட்டது. அப்போதுதான் கீழே வலது மூலையில் ஒரு பச்சையைக் கண்டேன். கிளிப்பச்சை. அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓர் உள்ளங்கை அளவு போதும், அவர் நான்கு மடங்கு போட்டிருந்தார். அது மஞ்சளை அமுக்கியது.

"அந்தப் பச்சை அதிகம்" என்றேன், வாய்விட்டு.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். "எது, அந்தப் பச்சையா? அத எடுத்தா மஞ்சளு தனியா ஓடிப்போயிரும்." போகட்டுமே என்று நான் சொல்லியிருப்பேன். மூலையைக் கையால் மறைத்துக் காட்டி, இப்போ பாருங்க என்று சொல்லியிருப்பேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் விட மாட்டேன். அந்த ஒரு பச்சையை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கலாம். எங்கள் இரண்டு பேரை நம்பி அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது? நான் பாராட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. என்னோடு இதைப் பார் என்றுதான் கேட்டார். எனக்கு அது விளங்குவதற்கு அவர் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

"அந்தப் பச்சை அதிகந்தாங்க. நான் சொல்லுதேன், கொஞ்சம் கேளுங்க" என்றேன் மறுபடியும். இந்தத் தடவை சண்டைக்கு இழுக்கிற குரலில், சத்தமாக.

பின்னறையில் நாத்தனார் விழித்துக்கொண்டாள். "யாரு வந்திருக்கா? ஏட்டி, யாருகிட்டப் பேசுத?" என்று கேட்டாள்.

நான் படத்துக்குப் பக்கத்தில் போய், அந்தப் பச்சையின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக் காட்டினேன்.